கயிறு தளர்ந்த நேரம்

சங்கு குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்கிறது அவன் மச்சினன்தான். பெண்டாட்டியோட கூடப் பிறந்தவன். எங்க கடலில் முத்துக் குளிச்ச காலத்தில் இருந்தே அப்படித்தான். கூலிக்கு வாரவனுக்குப் பொழுது சாயச் சாயக் கை அசந்துபோகும். சொந்தத் தம்பிக்கு என்னைக்காவது ஒரு நாள் பங்குச் சண்டை மனசில் வந்துடும். மச்சினன் கை அசராது. அவன் விட்டால் தாலி அறுக்கிறது அவன் அக்காதான். இதை யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. எல்லாருக்கும் தெரியும்.

அக்காவை மச்சானுக்குக் கட்டிக் கொடுத்தப்போ நான் உப்பளத்தில் வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். எட்டாவதோட படிப்பு முடிஞ்சுட்டு. கலியாணம் முடிஞ்சு முதல் தடவையாகக் கடலுக்குப் போற அன்னைக்கு மச்சான் எங்க வாசலில் வந்து நின்னார். "மாப்ள, வா" என்றார். போனேன். அன்னையில் இருந்து கயிறு என் கையில்.

வேலை இதுதான். விடியும்போது திரேஸ்புரம் கரையில் இருந்து வள்ளம் கிளம்பும். வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இஞ்சின் பக்கம் உட்கார்ந்திருப்பார். இஞ்சினோட ஒரு கம்ப்ரசர் ஓடும். அதில் இருந்து மூச்சுக் காத்துக்கு நீளமாக ஒரு குழாய். குழாயோட நுனியை வாயில் கடிச்சுக்கிட்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் ஈயம் கட்டி மச்சான் இறங்குவார். இடுப்பில் கட்டின கயிற்றோட மறு நுனி என் கையில் இருக்கும். ஒரு தடவை இழுத்தால் பை நிறைஞ்சுட்டுன்னு அர்த்தம். விட்டு விட்டு இழுத்தால் என்னைத் தூக்குன்னு அர்த்தம். தூக்குறதும் பையப் பையத்தான் தூக்கணும். வெடுக்குன்னு தூக்கினால் மூட்டெல்லாம் பிடிச்சுக்கும். அப்படி முடமாகிப் போனவங்க எங்க தெருவிலேயே இருக்காங்க. செத்துப் போனவங்களும் உண்டு.

வள்ளத்தில் வேற ஆட்களும் வருவாங்க. இதில் அவங்களைச் சொல்ல வேண்டாம்.

கயிறு பிடிக்கிறவன் கடலைப் பார்க்க மாட்டான். கயிறு தண்ணிக்குள்ள போற இடத்தைப் பார்ப்பான். குமிழி பொங்குற இடத்தைப் பார்ப்பான். இத்தனை வருசமும் நான் பார்த்தது அந்த ரெண்டு இடத்தைத்தான்.

மச்சானிடம் ஒரு பழக்கம் உண்டு. கீழ போய் சங்கு பொறுக்கும்போது கயிறு லேசாக அசைஞ்சுக்கிட்டே இருக்கும். பிடிச்சுப் பழகின கைக்கு அது பேச்சு மாதிரி. இப்ப நகருதார், இப்ப குனியுதார்னு தெரியும். நடுவில் ஒரு நேரம் கயிறு அப்படியே தளர்ந்து போகும். இழுப்பும் இருக்காது, அசைவும் இருக்காது. முதல் தடவை அப்படி ஆனப்போ ஆள் போயிட்டாருன்னே நினைச்சேன். தூக்கிட்டேன். மெதுவாகத்தான் தூக்கினேன். மேல வந்தவர் குழாயைத் துப்பிட்டு, "என்னலே, தீப்பிடிச்சுட்டா?" என்றார்.

"கயிறு செத்துப் போச்சே மச்சான்."

"நான் சாகல. சும்மா கிடந்தேன்."

"சும்மா எதுக்குக் கிடக்கணும்?"

"பாத்துக்கிட்டுக் கிடந்தேன்."

மணலில் மல்லாக்கப் படுத்துக்கிட்டு மேல பார்த்தாராம். தண்ணிக்குள்ள வெயில் இறங்கி வாரது கம்பி கம்பியாகத் தெரியுமாம். அதுக்குள்ள சாளை மீன் கூட்டம் ஒண்ணு திரும்பினது வெள்ளித் தாளை மடக்கின மாதிரி இருந்துதாம். சொல்லிட்டுத் திரும்பவும் இறங்கிட்டார். சம்மாட்டி பின்னால இருந்து, டீசல் எரியுது, இவரு அங்கன படுத்துப் படம் பாக்குதாரான்னு கத்தினார். அவர் கத்தினது கடலுக்குக் கேக்கல.

பிறகு எனக்குப் பழகிட்டு. கயிறு தளர்ந்தால் குமிழியைப் பார்ப்பேன். ஒரே இடத்தில் சீராகப் பொங்கினால் அவர் கிடக்குதார்னு விட்டுடுவேன். மேல வந்ததும் "இன்னைக்கு என்ன?" என்பேன். ஒரு நாள் திருக்கை. ஒரு நாள் ஒரு நண்டு இன்னொரு நண்டோட வளைக்குள்ள போய் அடி வாங்கிட்டு வந்தது. ஒரு நாள், "ஒண்ணும் இல்ல மாப்ள, மணலுதான். நல்லா இருந்துச்சு" என்றார்.

நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. வீட்டில் இருந்தால் வள்ளத்தை நினைப்பேன், வள்ளத்தில் இருந்தால் வீட்டை நினைப்பேன். கயிறு கையில் இருக்கும்போது மட்டும்தான் இருக்கிற இடத்தில் இருப்பேன். மச்சான் எப்பவும் இருக்கிற இடத்தில்தான் இருப்பார்.

ஒரு வருசம் கீழவைப்பாருக்கு நேரே குளிச்சப்போ அவர் கையில் ஒரு வலம்புரி கிடைச்சது. நல்ல கனமான சங்கு. வள்ளத்தோரம் வந்து அதை ஒரு கையில் தூக்கிக் காட்டினார். சம்மாட்டி எழுந்தே நின்னுட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு விசைப்படகு பக்கத்தில் போச்சு. அதோட அலை வந்து அடிச்சதில் மச்சான் வள்ளத்தில் மோதினார். சங்கு கையை விட்டுப் போயிட்டு. அவர் உடனே இறங்கித் தேடினார். அலையில் அடிச் சேறு கிளம்பிக் கண்ணு தெரியல. மேல வந்தார். "சோத்த எடு மாப்ள" என்றார். சம்மாட்டி தலையில் அடிச்சுக்கிட்டு மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் ஆளு வச்சுத் தேடினார். கிடைக்கல. இன்னைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். மச்சான் அதைப் பற்றிப் பேசினது ஒரே ஒரு தடவைதான். "உள்ள ரோசா நிறத்துல இருந்துச்சு மாப்ள. நீ கவனிச்சியா?" நான் கவனிக்கல. நான் விசைப்படகைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

அவருக்கு இடது காது கேக்காது. ஆழத்தில் சவ்வு கிழிஞ்சுட்டு. அக்கா அழுதா. மச்சான் சிரிச்சார். இனி உங்கக்கா திட்டும்போது இந்தக் காத மேல வச்சுப் படுத்துக்குவேன் மாப்ள, சவுகரியம் என்றார். அப்படித்தான் படுத்துக்கிடவும் செஞ்சார். அக்கா திட்டி முடிச்சுட்டு அவரைப் புரட்டிப் போட்டு மறுபடியும் முதலில் இருந்து திட்டுவா.

அவங்களுக்குப் பிள்ளை இல்ல.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைஞ்சோம். கடலுக்குப் போற நாளில் மச்சான் கடலில் இருந்தார். போகாத நாளில் அவ கட்டில் பக்கத்தில் இருந்தார். சரியாயிரும்னு சொல்லி அவளை ஏமாத்தல. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டும் இருக்கல. ஒரு நாள் அவ பொரிச்ச பரோட்டா கேட்டா. டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருந்தார். மச்சான் வாங்கிட்டு வந்தார். அவளுக்கு ஒரு விள்ளல் ஊட்டிட்டு, மீதியை அவ முன்னாலேயே சால்னா ஊத்தித் தின்னார். அவ கையால அவரை அடிச்சா. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நர்ஸ் வந்து சத்தம் போட்டா. நான் வெளியே நின்னு அழுதேன். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் எத்தனை நாளைக்குங்கிற கணக்குத்தான் ஓடிச்சு. அவங்க ரெண்டு பேருக்கும் அந்தக் கணக்கு ஓடல.

அவ போன அன்னைக்கு மச்சான் வாய் விட்டு அழுதார். ஆம்பளை இப்படியா அழுவான்னு ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதார். கல்லறையில் இருந்து திரும்பி வந்து, சொந்தக்காரங்க கொண்டு வந்த சோத்தை வயிறு நிறையச் சாப்பிட்டார். அதையும் பார்த்தாங்க, அதையும் பேசினாங்க. அக்காவை முன்னாலேயே மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமோன்னு நான் ஒரு நாள் கேட்டேன். ராத்திரி பகலாக அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். "போயிருக்கலாம்" என்றார். கொஞ்சம் கழிச்சு, "போகல மாப்ள" என்றார். அத்தோட முடிச்சுட்டார்.

ஒரே ஒரு தடவை, வள்ளத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தப்போ சொன்னார். "இப்ப நல்ல காத மேல வச்சுத்தான் படுக்கேன். ஒண்ணும் கேக்கல."

நான் கயிற்றைச் சுருட்டிக்கிட்டிருந்தேன்.

அக்கா போன பிறகு, கயிறு யார் பிடிக்கிறதுங்கிற பேச்சு வந்தது. சம்மாட்டிதான் ஆரம்பிச்சார். இனி இந்தப் பய எந்த உரிமையில் பிடிக்கான்னு கேட்டார். பிள்ளை இருந்தாலாவது நான் தாய்மாமன். அதுவும் இல்ல. அறுந்த உறவு. மச்சான் வழக்கம் போலக் கண்ணாடியைக் கழுவி மாட்டினார், கயிற்றை இடுப்பில் கட்டினார், மறு நுனியை என் மடியில் போட்டார், இறங்கிட்டார். பேச்சு அத்தோட நின்னது. எனக்கு அது போதும். எனக்கு வேற எதுவும் தெரியாது. அந்தக் கயிறுதான் எனக்கு அக்கா இருந்ததுக்கு மிச்சம்.

அக்காவோட வருசப் பூசை முடிஞ்ச பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் எங்க வீட்டுக்கு வந்தார். அம்மா மீன் கழுவிக்கிட்டிருந்தா. அவர் அவ பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

"மாமி, நான் கலியாணம் கட்டலாம்னு இருக்கேன். ஊருல யாரும் சொல்லி நீங்க கேக்கக் கூடாது. அதான் வந்தேன்."

அம்மா கையை நிறுத்தல. "எம்புள்ள குழி மண்ணு இன்னும் காயல" என்றா.

"காஞ்சிட்டு மாமி. காலைல போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தா. அவர் குத்திப் பேசல. உள்ளதைத்தான் சொன்னார்.

"அவ இருந்தா நான் வேற ஒரு மூஞ்சியப் பாத்திருக்க மாட்டேன். அவ இல்ல மாமி. நான் இருக்கேன்."

அம்மா இன்னொரு மீனை எடுத்துக் கழுவினா. பிறகு அம்மா எந்த ஊருன்னு கேட்டா. கீழவைப்பாரு என்றார். பொண்ணுக்கு இறால் கம்பெனியில் வேலை. புருசன் கடலுக்குப் போய்த் திரும்பி வரல, வருசம் பல ஆச்சு என்றார்.

"ஆக்கத் தெரியுமா?"

"உங்க மக அளவுக்கு இல்ல."

"எம்மகளுக்கு எங்கலே ஆக்கத் தெரிஞ்சது" என்றா அம்மா. சொல்லிட்டுச் சிரிச்சா. சிரிப்பு பாதியில் அழுகையாகிப் போச்சு. மச்சான் அவ அழுது முடிக்கிறது வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ரெண்டு மீனைக் கேட்டு வாங்கிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு, "கட்டிக்கிடட்டும். கயித்த மட்டும் குடுக்காத. அது உங்கக்கா கயிறு" என்றா.

புதுப் பெண்ணுக்கு ஒரு தம்பி உண்டு. என் வயசுதான். விசைப்படகில் வலை இழுத்தவன். என்னை விட வலுவான கை. வழக்கப்படி கயிறு இனி அவனுக்கு. கலியாணத்தன்னைக்குக் கோயில் வாசலில் எல்லாரும் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாங்க. சாப்பாட்டுப் பந்தியில் அந்தப் பெண்ணே என்னிடம் வந்தது.

"கயிறு விசயம் உங்களுக்குச் சங்கடமா இருந்தா, தம்பிட்ட நான் சொல்லிருதேன். அவன் கேப்பான்."

நான் இலையைப் பார்த்துக்கிட்டு, பார்க்கலாம்னு சொன்னேன். இது அவ சொல்லியிருக்க வேண்டாத வார்த்தை. ஒரு புருசனைக் கடலுக்குக் கொடுத்தவ. அடுத்தவரோட கயிறு தன் தம்பி கையில் இருக்கணும்னு அவளை விட யாருக்கு ஆசை இருக்கும்? இருந்தும் என்னிடம் விட்டுட்டுப் போயிட்டா. முறை ஒரு பக்கம் இழுத்தது, அம்மா ஒரு பக்கம் இழுத்தா.

கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக வள்ளம் கிளம்புற காலை. நானும் வந்தேன், அந்தத் தம்பியும் வந்தான். கையுறை போட்டிருந்தான். சம்மாட்டி அதைப் பார்த்துட்டு, என்ன மாப்பிள்ளை, ஆபரேசன் பண்ணப் போறியா என்றார். அவன் வெட்கப்பட்டுக் கழற்றி டவுசர் பையில் வச்சான். கயிறு சுருட்டி என் தோளில் கிடந்தது.

நான் மச்சானிடம் போனேன். "மச்சான், யாரு பிடிக்க?"

அவர் தண்ணியைப் பார்த்துக்கிட்டு நின்னார். "யாராவது பிடிங்கலே. வாடைக் காத்து அடங்கி எப்படித் தெளிஞ்சு கிடக்கு பாரு. இன்னைக்கு அடி வரைக்கும் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. அவரோட உயிருதான் அந்தக் கயிற்றில் தொங்குது. நான் மூணு நாளாகத் தூங்கல. இவர் தண்ணி தெளிஞ்சதைச் சொல்லுதார். பிறகுதான் உறைச்சது. எங்க ரெண்டு பேரில் யார் பிடிச்சாலும் விட மாட்டான்னு அவருக்குச் சந்தேகமே இல்ல. சந்தேகம் இல்லாதவருக்கு அதில் நினைக்க என்ன இருக்கு?

திரும்பிப் பார்த்தேன். கரையில் அந்தப் பெண் நின்னுக்கிட்டிருந்தா. அக்காவும் முதல் நாள் இதே இடத்தில்தான் நின்னா. அன்னைக்கு அக்கா பார்த்தது மச்சானை இல்ல. என் கையை. இவளும் இன்னைக்கு மச்சானைப் பார்க்கல. எங்க ரெண்டு பேர் கையையும் பார்த்துக்கிட்டு நின்னா.

கயிற்றைத் தோளில் இருந்து எடுத்து அந்தத் தம்பி கையில் கொடுத்தேன். அவ பார்க்கும்படியாகக் கொடுத்தேன்.

வள்ளத்தில் கம்ப்ரசர் குழாயைச் சிக்கு விழாமல் விட்டுக் கொடுக்கிற வேலையை எடுத்துக்கிட்டேன். மச்சான் இறங்கினார். அந்தத் தம்பி நல்லாவே பிடிச்சான். தளர்த்த வேண்டிய இடத்தில் தளர்த்தினான். பை ரெண்டு தடவை மேல வந்தது. குறை சொல்ல ஒண்ணும் இல்ல. குறை தேடினேன், இல்ல.

அப்புறம் கயிறு தளர்ந்தது.

அவன் முகம் செத்துப் போச்சு. கயிற்றைப் பார்த்தான், தண்ணியைப் பார்த்தான். அவன் அக்காளோட முதல் புருசன் ஞாபகம் வந்திருக்கும். எழுந்து ரெண்டு காலையும் அகட்டி நின்னு, ஒரே இழுப்பில் தூக்கிடுற மாதிரிக் கயிற்றைக் கையில் சுற்றினான். வலை இழுத்த கை. அந்த வேகத்தில் தூக்கினால் மச்சான் கால் அன்னையோட போச்சு.

"இழுக்காத" என்றேன்.

"அசைவே இல்லண்ணே."

"குமிழியப் பாரு."

பார்த்தான். ஒரே இடத்தில் சீராகப் பொங்கிக்கிட்டிருந்தது.

"என்ன செய்யுதாரு?"

"பாத்துக்கிட்டுக் கிடக்காரு."

"என்னத்த?"

"மேல வந்து சொல்லுவாரு. உக்காரு."

அவன் உட்கார்ந்தான். கையில் சுற்றின கயிற்றை ஒவ்வொரு சுற்றாகப் பிரிச்சான். நான் கயிற்றைத் தொடல. தொடணும்னு தோணல. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குழாய் அதுபாட்டுக்குக் கிடந்தது. எனக்குச் செய்ய ஒண்ணும் இல்ல. தலையைத் தூக்கினேன்.

கப்பல் ஒண்ணு துறைமுகத்துக்குள்ள போய்க்கிட்டிருந்தது. பெட்டி பெட்டியாக அடுக்கி, சிவப்பும் நீலமுமாக, ஒரு தெருவே நகர்ந்து போற மாதிரி. அந்தப் பக்கம் முயல் தீவு வெளிச்ச வீடு. அனல் மின் நிலையத்துப் புகை நேராக மேல போச்சு, காத்தே இல்ல. கரையில் உப்பு அம்பாரம் வெள்ளையாக வரிசை வரிசையாகக் கண்ணைப் பறிச்சது. நான் அதில் வேலை பார்த்தவன். கடலில் இருந்து அது இப்படி இருக்கும்னு தெரியாது. இத்தனை வருசமும் இதுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கேன். அக்கா நினைப்பு வந்தது. வலி இல்லாமல் வந்தது. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போச்சு.

கயிறு அசைஞ்சது. அந்தத் தம்பி மூச்சை விட்டான். பிறகு விட்டு விட்டு இழுப்பு வந்தது. பையப் பையத் தூக்கினான். நான் குழாயைச் சுருட்டினேன்.

மச்சான் மேல வந்து வள்ளத்தோரத்தைப் பிடிச்சுக்கிட்டுக் குழாயைத் துப்பினார். கயிறு யார் கையில் இருக்குன்னு பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன மச்சான்?" என்றேன்.

"கடல் குதிரை. ரெண்டு. புல்லுல வாலச் சுத்திக்கிட்டு ஆடிக்கிட்டு இருந்துதுக." சொல்லிட்டு ஏறாமல் தண்ணியிலேயே நின்னார். "நீ என்னத்தப் பாத்தே?"

இதுவரைக்கும் அவர் என்னிடம் அதைக் கேட்டதில்ல. கேக்க வேண்டிய தேவை இருந்ததும் இல்ல.

"கப்பல்" என்றேன்.

"எந்தக் கப்பல்?"

காட்டினேன். அவர் ஈரத் தலையோட திரும்பிப் பார்த்தார். அந்தத் தம்பியும் பார்த்தான். சம்மாட்டி, டீசல் எரியுதுலேன்னு கத்தினார். கப்பல் உள்ள போய் மறையிற வரைக்கும் நாங்க மூணு பேரும் பார்த்துட்டு, பிறகு சோத்துப் பாத்திரத்தைத் திறந்தோம். புது அக்கா மூணு பேருக்கும் சேர்த்துக் கட்டியிருந்தா. குழம்பில் உப்பு கூடுதல். யாரும் சொல்லல.